சாது மிரண்டால்...! வீட்டு முயல் கடிப்பது ஏன்?

முயல் கடிக்குமா?

"கடிக்காது" என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். நாய் கடிக்கும். பூனை பிறாண்டும். முயலுக்கு என்ன தெரியும்? பஞ்சு மூட்டைபோல் ஒரு மூலையில் உட்கார்ந்து புல்லைக் கொறித்துக்கொண்டிருக்கும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் மாலை என் மகள் இடது கையைப் பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். அவளுக்கு வயது 9. "கையை எடு, பார்க்கலாம்" என்றேன். எடுக்கவில்லை. நானே பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் ஆழமாக இரண்டு பற்கள் பதிந்திருந்தன. ரத்தம் உறைந்து கிடந்தது.

"கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது" என்றாள்.

அது பொய். கடித்தது பஞ்சு! பஞ்சு என்பது எங்கள் வீட்டு வெள்ளை முயலின் பெயர்.

ஏன் பொய் சொன்னாள்? அழுதுகொண்டே அதையும் சொன்னாள். "கடித்தது என்று தெரிந்தால் அதைக் கொண்டுபோய் விட்டுவிடுவீர்களே, அப்பா!"

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. முந்தின வாரம் பஞ்சு என் கையைப் பிறாண்டியது. "இன்னொரு தடவை இப்படிச் செய்தால் இதற்கு இந்த வீட்டில் இடமில்லை" என்று நான் சத்தம் போட்டிருந்தேன்.

வீட்டில் ஆலோசனை

காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவினோம். டாக்டர் வீட்டுக்கு ஓடினோம். டி.டி. ஊசி போட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். முயல் கடித்து வெறிநோய் வருவது மிக மிக அபூர்வம். ஆனாலும் எந்தப் பிராணி கடித்தாலும் டாக்டரிடம் காட்டிவிட்டு, அவர் சொற்படி நடப்பதே முறை.

அன்று இரவு வீட்டில் பெரிய ஆலோசனை நடந்தது.

"குழந்தை முக்கியமா, முயல் முக்கியமா?" என்றாள் என் மனைவி.

"என்னிடம் கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்கிறேன்" என்றார் அடுத்த வீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். என் மகள் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏரிக்கரைப் புதரில் விட்டுவிட்டால் எப்படியாவது பிழைத்துக்கொள்ளும்" என்றேன் நான்.

பிழைத்துக்கொள்ளுமா? அதுதான் இல்லை!

நம் ஊர்க் காடு கரம்பையில் ஓடும் முயல் வேறு. வீட்டில் வளர்க்கும் முயல் வேறு. நம் காட்டு முயல் வளை தோண்டாது. அதன் குட்டி பிறக்கும்போதே ரோமமும் திறந்த கண்களுமாகப் பிறக்கும். வீட்டு முயலின் முன்னோர்களோ ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளைச் சேர்ந்தவை. அவை மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்பவை. குட்டிகள் ரோமம் இல்லாமல், கண் திறக்காமல் பிறக்கும்.

தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்து வளர்ந்த வெள்ளை முயலை ஏரிக்கரையில் விட்டால், ஒளிய வளை இல்லை. எதிரி யார் என்றும் தெரியாது. வெள்ளை உடம்பு தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். நாயும் கீரியும் கழுகும் சும்மா இருக்குமா? விட்டுவிடுவது என்று நாம் நாகரிகமாகச் சொன்னாலும், அது கொல்வதுதான்.

காட்டு முயலைப் பிடித்து வந்து வீட்டில் வளர்க்கலாம் என்று யாரும் எண்ணவேண்டாம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

டாக்டர் கேட்ட கேள்விகள்

மறுநாள் காலை பஞ்சுவை ஒரு கூடையில் வைத்துக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். "சார், இதற்குக் கோபம் தணிய ஏதாவது மருந்து கொடுங்கள்" என்றேன்.

டாக்டர் மருந்து எழுதவில்லை. கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"வயது என்ன?"

"ஆறு மாதம்."

"ஆணா, பெண்ணா?"

"கடைக்காரர் ஆண் என்று சொல்லித்தான் கொடுத்தார்."

டாக்டர் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பஞ்சு பெண்! சிறு குட்டியாக இருக்கும்போது இந்தத் தவறு சகஜமாக நேரும் என்றார்.

"நேற்று கடித்தபோது குழந்தை என்ன செய்துகொண்டிருந்தாள்?"

என் மகள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அப்பா கூண்டைச் சுத்தம் செய்யச் சொன்னார். பஞ்சு தன் ரோமத்தைப் பிடுங்கி வைக்கோலோடு சேர்த்து மூலையில் குப்பையாகப் போட்டிருந்தது. அதை எடுத்தேன்."

"அது குப்பை இல்லை, அம்மா. அது கட்டிய கூடு" என்றார் டாக்டர்.

கடைசியாக என் பக்கம் திரும்பினார். "நீங்கள் இதை எப்படித் தூக்குவீர்கள்?"

"காதைப் பிடித்துத்தான்" என்றேன்.

டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சார், முயலுக்குக் காது கைப்பிடி அல்ல. நரம்பும் ரத்தக் குழாயும் நிறைந்த மெல்லிய உறுப்பு. உடம்பின் சூட்டைத் தணிப்பதே அதுதான். அதைப் பிடித்துத் தொங்கவிட்ட கையை அது மறக்குமா?" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவனைக் கேலி செய்வோம். அன்று அந்த மனிதன் நானாகவே இருந்தேன்!

கோபம் அல்ல, பயம்

முயல் வேட்டையாடும் பிராணி அல்ல, வேட்டையாடப்படும் பிராணி. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்தால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. ஆகையால் தலையைத் திருப்பாமலே பின்னாலும் மேலேயும் பார்க்கும். ஆனால் மூக்குக்கு நேர் எதிரே, மோவாய்க்கு அடியில் உள்ள சிறிய இடம் மட்டும் அதற்குத் தெரியாது. நாம் அன்போடு கையை எங்கே நீட்டுகிறோம்? அந்த மூக்குக்கு நேராகத்தான்! திடீரென்று ஏதோ வந்து மோதியதுபோல் அது திடுக்கிடுகிறது.

மேலேயிருந்து வரும் கையோ இன்னும் மோசம். வானத்திலிருந்து பாயும் கழுகும் அப்படித்தான் வரும்.

பயந்த முயல் முதலில் ஓடப் பார்க்கும். ஓட இடமில்லாவிட்டால் ஒளியப் பார்க்கும். அதற்கும் வழியில்லாவிட்டால் கடிக்கும். இரண்டடிக் கூண்டில் அது எங்கே ஓடும்? எங்கே ஒளியும்?

கடிப்பதற்கு முன்னால் அது எச்சரிக்கை செய்யாமலும் இல்லை. காதுகளைப் பின்னால் மடித்து முதுகோடு ஒட்டவைக்கும். உடம்பு விறைக்கும். வால் தூக்கும். "உர்" என்று உறுமும். முன்னங்கால்களால் குத்துச்சண்டைக்காரனைப்போல் அடிக்கும். பின்னங்காலால் தரையில் "டக்" என்று தட்டினால், அபாயம் என்று பொருள். இவை எல்லாவற்றையும் பஞ்சு செய்தது. நாங்கள் வேடிக்கை என்று சிரித்தோம். கடைசியில்தான் அது கடித்தது.

கூண்டு அதன் கோட்டை

முயலுக்குத் தன் இடம், தன் எல்லை என்ற எண்ணம் மிக அதிகம். வேல்ஸ் நாட்டு இயற்கை ஆராய்ச்சியாளர் ரொனால்டு லாக்லி, முயல்களை வேலி கட்டிய நிலத்தில் குடியேற்றிச் சில வருஷங்கள் கவனித்தார். தாம் கண்டதை 1964-ல் ஒரு நூலாக வெளியிட்டார். ராஜா ராணி போன்ற அந்தஸ்து முயல் கூட்டத்திலும் உண்டு; அந்நிய முயல் எல்லைக்குள் நுழைந்தால் விரட்டியடிக்கும் என்று அதில் எழுதினார். ரிச்சர்டு ஆடம்ஸ் 1972-ல் வெளியிட்ட 'வாட்டர்ஷிப் டவுன்' என்ற புகழ் பெற்ற முயல் நாவலுக்கு ஆதாரமாக இருந்தது அந்த நூல்தான்.

முயல் தன் மோவாயை மேஜைக் காலிலும் கதவிலும் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்சுகிறது என்று நினைப்போம். அது கொஞ்சல் அல்ல, பட்டா எழுதுகிறது! மோவாய்க்கு அடியில் உள்ள சுரப்பியிலிருந்து வரும் வாசனையைத் தடவி, "இது என்னுடையது" என்று முத்திரை போடுகிறது.

இப்படி முத்திரை போட்ட கோட்டைக்குள் கை நுழைந்தால்? சாப்பாட்டுத் தட்டைப் பிடுங்கினால்? கட்டிய கூட்டைக் கலைத்தால்? எந்தக் குடித்தனக்காரரும் பொறுக்கமாட்டார்.

ஆகவே முயல் உள்ளே இருக்கும்போது கூண்டைச் சுத்தம் செய்யவேண்டாம். கதவைத் திறந்து வையுங்கள். அது தானாக வெளியே வந்து உலாவட்டும். பிறகு செய்யுங்கள். நாய், பூனை, வேறு முயல் இவற்றைத் தொட்ட கையோடு போகாதீர்கள். அந்த வாசனையே சண்டைக்கு அழைப்பு.

பருவம் வந்தால் குணம் மாறும்

"நாலு மாதம் வரை தங்கமாக இருந்தது. பிறகுதான் கெட்டுப்போயிற்று" என்று முயல் வளர்ப்பவர்கள் சொல்வார்கள். அது கெட்டுப்போகவில்லை; பருவத்துக்கு வந்திருக்கிறது. நாலு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் பெரும்பாலான முயல்கள் பருவம் எய்திவிடும். ஆண் முயல் காலைச் சுற்றிச் சுற்றி வரும், சிறுநீர் தெளிக்கும், ஏறப் பார்க்கும், கடிக்கும். பெண் முயலோ தன் இடத்தைக் காக்கும் வேகத்தில் பாயும்.

பெண் முயலுக்குச் சில சமயம் பொய்ச் சினை ஏற்படும். வயிற்றில் குட்டி இராது. ஆனால் நிஜமான சினைபோலவே ரோமத்தைப் பிடுங்கிக் கூடு கட்டும். கிட்ட வந்தவர்மேல் பாயும். சுமார் இரண்டரை வாரத்தில் தானே சரியாகிவிடும். அதுவரை கூட்டைக் கலைக்காமல் விடுவதே நல்லது. பஞ்சுவுக்கு வந்தது அதுதான்.

இதற்கு நிரந்தரப் பரிகாரம் கருத்தடை ஆபரேஷன். ஆண் முயலுக்கு விதை நீக்குவார்கள். பெண் முயலுக்குக் கருப்பையையும் சூலகத்தையும் எடுப்பார்கள். குணம் ஒரே நாளில் மாறாது. ரத்தத்தில் உள்ள சுரப்பு நீர்கள் அடங்கச் சில வாரங்கள் ஆகும்.

பெண் முயலுக்கு இன்னொரு லாபமும் உண்டு. வயதான பெண் முயல்களுக்குக் கருப்பையில் புற்றுநோய் வருவது மிகவும் சகஜம். ஆபரேஷன் செய்துவிட்டால் அந்த அபாயம் தீர்ந்தது.

எல்லாக் கால்நடை டாக்டர்களுக்கும் முயல் வைத்தியம் பழக்கமாக இராது. முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவரா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். நாய் பூனைக்குச் செய்வதுபோல் ஆபரேஷனுக்கு முன் பட்டினி போடக்கூடாது. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. அதன் குடல் சும்மா இருக்கவும் கூடாது.

வலியும் கடிக்கும்

நேற்றுவரை மடியில் படுத்த முயல் இன்று திடீரென்று சீறுகிறதா? முதலில் வலியைச் சந்தேகியுங்கள். முயல் வலியை மறைக்கும் பிராணி. காட்டில் நோயாளி என்று தெரிந்தால் உயிர் போய்விடும் அல்லவா?

பற்களைப் பார்க்கச் சொல்லவேண்டும். முயலுக்குப் பற்கள் 28. அவை ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத் தின்றால்தான் தேயும். சோறு, பிஸ்கட், பருப்பு என்று கொடுத்து வளர்த்தால் பற்கள் தேயாமல் கூர்மையாகி, நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். ஆகவே தீனியில் மிகப் பெரும் பகுதி புல்லாகவே இருக்கவேண்டும். அருகம்புல் நல்லது. கேரட்டும் பழமும் எப்போதாவது ஒரு துண்டு போதும்.

கால்களையும் பார்க்கவேண்டும். நாய்க்கும் பூனைக்கும் இருப்பதுபோல் முயலுக்குப் பாதத்தில் மெத்தை கிடையாது. கம்பி வலைத் தரையில் நின்று நின்று பஞ்சுவின் பாதத்தில் ரோமம் தேய்ந்து தோல் சிவந்திருந்தது. அந்தக் கூண்டை வாங்கியவனும் நான்தான்.

வீட்டில் கிடக்கும் மாத்திரையை ஒடித்துப் போடாதீர்கள். நமக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் அமாக்சிசிலின் போன்ற மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால் முயல் செத்தே போகலாம். அரை நாள் முழுதும் முயல் எதையும் தின்னவில்லை என்றால், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கவேண்டாம். உடனே டாக்டரிடம் போகவேண்டும்.

அடித்தால் திருந்துமா?

திருந்தாது. இன்னும் கெடும்!

முயலுக்குத் தண்டனை என்றால் என்னவென்று தெரியாது. மூக்கில் தட்டினால், "இந்தக் கை ஆபத்தானது, நான் பயந்தது சரிதான்" என்றுதான் கற்றுக்கொள்ளும். மல்லாக்கப் படுக்கவைத்து அடக்குவது சிலருடைய வழக்கம். அப்போது அது அசையாமல் கிடக்கும். சாந்தமாகிவிட்டது என்று சந்தோஷப்படுகிறோம். உண்மையில் அது பயத்தில் உறைந்துபோயிருக்கிறது.

சரி, பாய்ந்து வந்தால் என்ன செய்வது? ஓடவும் வேண்டாம், உதைக்கவும் வேண்டாம். மடித்த துண்டை நடுவில் பிடித்து, அசையாமல் நில்லுங்கள். காலுக்குச் செருப்பும் கனத்த துணியும் இருந்தால் தைரியமாக நிற்கலாம். கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், காயம் பெரிதாகும். "ஆ" என்று சிறு குரல் கொடுத்து மெதுவாக விலகுங்கள்.

தூக்குவதைக் கூடிய மட்டும் தவிர்க்கவேண்டும். தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு கை மார்புக்குக் கீழே. மறு கை பின்பக்கத்துக்குக் கீழே. உடம்போடு அணைத்துக்கொள்ளவேண்டும். முயலின் எலும்பு இலேசானது. பின்னங்கால் சதையோ பலமானது. அந்தரத்தில் உதறினால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். ஆகவே சிறு பிள்ளைகள் தூக்கவே கூடாது. அவர்கள் முயலோடு இருக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும்.

நாங்கள் செய்தது

கம்பித் தரையின்மேல் பலகை போட்டு, அதன்மேல் வைக்கோல் பரப்பினோம். கூண்டுக் கதவைத் திறந்தே வைத்தோம். பின்கட்டுத் தாழ்வாரம் முழுவதும் பஞ்சுவுக்கு என்று ஒதுக்கினோம். இங்கிலாந்தில் உள்ள முயல் நலச் சங்கம் ஒரு ஜோடிக்கு 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி உயரம் இடம் வேண்டும் என்கிறது. எங்கள் பழைய கூண்டை நினைத்துப் பார்த்தேன். அது வீடு அல்ல, சிறை.

ஓர் அட்டைப் பெட்டியில் இரண்டு வாசல் வெட்டி வைத்தோம். ஒரு வாசலில் ஆபத்து வந்தால் மறு வாசலில் ஓடலாம் என்ற தைரியம் முயலுக்கு வேண்டும்.

முதல் வாரம் யாரும் அதைத் தொடவில்லை. தினமும் மாலையில் நானும் மகளும் தரையில் உட்கார்ந்தோம். அவள் பாடம் படிப்பாள். நான் பத்திரிகை படிப்பேன். பஞ்சு பெட்டிக்குள்ளிருந்தே பார்த்துக்கொண்டிருக்கும்.

இரண்டாம் வாரம் வெளியே வந்து என் மகளின் பாவாடையை முகர்ந்தது. அவள் மூச்சைக்கூட விடவில்லை! பக்கத்தில் ஒரு கொத்துமல்லித் தழையை வைத்தாள். தின்றுவிட்டு ஓடிவிட்டது. மூன்றாம் வாரம் உள்ளங்கையிலிருந்தே தின்றது. பக்கவாட்டிலிருந்து கையைக் கொண்டுபோய், அவள் நெற்றியில் மட்டும் ஒரு விரலால் தடவினாள். பஞ்சு தலையைத் தரையோடு தாழ்த்திக்கொண்டது. இன்னும் தடவு என்பது அதன் பொருள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

என்னிடம்? என்னிடம் வரவில்லை. என் கையைக் கண்டாலே பெட்டிக்குள் போய்விடும். காதைப் பிடித்த கை அல்லவா? எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. இடையில் ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது.

இணை சேர்க்க அவசரம் வேண்டாம்

"தனியாக இருப்பதால்தான் கோபம், இன்னொன்று வாங்கி விடுங்கள்" என்று சிலர் யோசனை சொன்னார்கள். முயல் கூட்டத்தில் வாழும் பிராணி. அதற்குத் துணை நல்லதுதான். ஆனால் திடீரென்று ஒரே கூண்டில் போட்டால் ரத்தக்களறியாகிவிடும். ஒன்றாகப் பிறந்த ஆண் குட்டிகளே பருவம் வந்தபின் கடுமையாகச் சண்டையிட்டுக்கொள்ளும்.

இரண்டுக்கும் ஆபரேஷன் ஆகியிருக்கவேண்டும். முதலில் வலைக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று வைத்துப் பழக்கவேண்டும். பிறகு இரண்டுக்கும் சொந்தமில்லாத புது இடத்தில் கொஞ்ச நேரம் கண்காணிப்போடு விடவேண்டும். ஆபரேஷன் செய்த ஆணும் பெண்ணும் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

பெரியவர்கள் சொன்னது

இப்போது பஞ்சு எப்படி இருக்கிறது? சாப்பாட்டுத் தட்டைத் தொட்டால் இன்னும் உறுமத்தான் செய்கிறது. அது அதன் சுபாவம். நாங்கள் தட்டைத் தொடுவதில்லை. ஆனால் யாரையும் கடிக்கவில்லை. மத்தியானத்தில் தொப்பென்று பக்கவாட்டில் சாய்ந்து காலை நீட்டிப் படுக்கிறது. முதன்முதலில் பார்த்தபோது செத்துவிட்டதோ என்று பதறினேன்! பயம் துளியும் இல்லாத முயல்தான் அப்படிப் படுக்கும் என்று பிறகு தெரிந்தது.

என் மகள் விரலில் இரண்டு சிறிய தழும்புகள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துவது பஞ்சுவின் கடி அல்ல. என் பயத்தால் அவள் சொன்ன அந்தப் பொய். நான் சத்தம் போட்டேன். அவள் காயத்தை மறைத்தாள். நான் காதைப் பிடித்துத் தூக்கினேன், பஞ்சு கடித்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

"சாது மிரண்டால் காடு கொள்ளாது" என்பது நம் பழமொழி. சாது கோபித்தால் என்று பெரியவர்கள் சொல்லவில்லை. மிரண்டால் என்றுதான் சொன்னார்கள். உங்கள் வீட்டு முயல் கடித்தால், அதை எங்கே கொண்டுபோய் விடுவது என்று யோசிக்காதீர்கள். அது எதைக் கண்டு மிரண்டது என்று பாருங்கள். அநேகமாக அது உங்கள் கையாகவே இருக்கும்!